ஜெஜு தீவில் நடந்த பெண்கள்

1629ஆம் ஆண்டு கொரியாவின் ஜோசோன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தெற்கே கடலுக்குள் கிடக்கும் ஜெஜு தீவின் மக்கள் அனுமதியின்றித் தீவைவிட்டு வெளியேறக் கூடாது. காரணம் வரி. அரண்மனைக்கு ஜெஜு அனுப்பவேண்டிய திறைப் பொருள்களில் முக்கியமானது அபலோன் என்னும் கடல்நத்தை. பாறையிடுக்கில் ஒட்டிக்கிடக்கும் அதை மூழ்கிப் பெயர்த்தெடுப்பது அன்று பெரும்பாலும் ஆண்களின் வேலை. கேட்கும் அளவு கூடிக்கொண்டே போனது. கொடுக்க முடியாத ஆண்கள் படகேறிப் பெருநிலத்துக்குத் தப்பி ஓடினார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் தடை. ஏறக்குறைய 200 ஆண்டுகள் அது நீடித்தது. பெண்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். வெளியூர் ஆணை மணந்துகொண்டு போய்விடவும் வழியில்லாமல் அடைத்திருந்தார்கள்.

ஓடிப்போனவர்களின் பங்குத் திறை யார் தலையில் விழுந்திருக்கும் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. அதுவரை கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அபலோனுக்கும் மூழ்கத் தொடங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் மூழ்குவது பெண்களின் தொழிலாகவே ஆகிவிட்டது. இவர்களைத்தான் 'ஹேன்யோ', கடற்பெண்கள், என்று உலகம் இன்று கொண்டாடுகிறது. முத்துக்குளித்தல் என்றால் ஆண்களின் உருவமே மனத்தில் எழும் நமக்கு, ஒரு தீவு முழுக்கப் பெண்களே மூழ்கினார்கள் என்பது வியப்பாக இருக்கலாம். வியப்பதற்கு முன்னால், அவர்கள் கடலுக்குள் தள்ளப்பட்ட கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தக் கதையைக் கால்நடையாகவே படிக்கலாம் என்பது ஜெஜுவின் சிறப்பு. தீவின் கரையைச் சுற்றி 27 நடைபாதைகள், மொத்தம் 437 கிலோமீட்டர். 'ஜெஜு ஓல்லே' என்று பெயர். ஓல்லே என்பது தீவின் வழக்குச் சொல். தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குப் போகும், இருபுறமும் கற்சுவர் வைத்த ஒடுங்கிய சந்து. பாதைகளை உருவாக்கியவர் சோ மியோங்-சூக் என்ற பெண். தீவின் தென்கரையிலுள்ள சோக்விப்போ ஊரில் பிறந்து, தலைநகர் சோலில் பத்திரிகையாளராகவும் ஆசிரியராகவும் பல ஆண்டுகள் ஓடியவர். வேலையை விட்டுவிட்டு 2006இல் ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்தார். திரும்பி வந்து, 2007 செப்டம்பரில் சொந்த ஊர்த் தீவில் முதல் பாதையைத் திறந்தார். நீலமும் ஆரஞ்சுமாக இரண்டு துணிப்பட்டைகள் மரத்திலும் கம்பத்திலும் கட்டியிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். மலையேறிப் பழகியிருக்க வேண்டியதில்லை.

18ஆம் பாதை ஜெஜு நகரில் தொடங்குகிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டும் என்றில்லை, முதல் மூன்றில் ஒரு பங்கே போதும். துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் கிம் மான்தோக் பெயரில் ஒரு நினைவகம் இருக்கிறது. 1739இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பெற்றோரை இழந்து, கீசேங் எனப்படும் அரசுப் பதிவில் இருந்த ஆடல்மகளிர் வரிசையில் சேர்க்கப்பட்டார். வளர்ந்தபின் அதிகாரிகளிடம் மன்றாடி அந்தப் பதிவிலிருந்து தன் பெயரை நீக்கவைத்தார். பிறகு துறைமுகத்தருகே வணிகர்கள் தங்கும் விடுதியும் தரகு வணிகமுமாகத் தொழில் தொடங்கிப் பெரும் செல்வம் சேர்த்தார். 1790களில் தீவில் தொடர்ச்சியாகப் பஞ்சம். 1795இல் தன் சொத்தைச் செலவிட்டுப் பெருநிலத்திலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றினார்.

செய்தி மன்னர் ஜோங்ஜோவின் காதுக்குப் போயிற்று. என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். பட்டமோ நிலமோ மான்தோக் கேட்கவில்லை. தலைநகருக்குப் போக வேண்டும், கும்காங் மலையைப் பார்க்க வேண்டும் என்றார். சட்டப்படி தீவைவிட்டு நகரவே கூடாத ஒரு பெண், அரசனிடம் பயணத்தைப் பரிசாகக் கேட்கிறார்! எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். மன்னர் இசைந்தார். ஆனால் சாதாரணக் குடிப்பெண் அரண்மனைக்குள் நுழைய முறையில்லை. ஆகவே அரண்மனை மருத்துவப் பெண்களின் தலைவி என்று பெயரளவில் ஒரு பதவி கொடுத்து உள்ளே அழைத்தார்கள். 1796இல் தலைநகர், அடுத்த வசந்தத்தில் கும்காங் மலை. பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் 1812இல் இறந்தார். அமைச்சர் சே ஜே-கோங் அவருடைய வரலாற்றை எழுதிவைத்தார். கொடைவள்ளலாகவே அவரைப் பாடநூல்கள் நினைவுகூர்கின்றன. கொடையைச் சொல்லும்போது தாய்மை, தியாகம் என்ற சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையும் அதே அளவு பெரியதாக இருந்த பெண் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

அங்கிருந்து பாதை சாராபோங் என்ற சிறு குன்றின் மேல் ஏறி, ப்யோல்தோபோங் என்ற அடுத்த குன்றின் கடலோரச் சரிவில் செல்கிறது. காற்றின் தெய்வமான யோங்துங் பாட்டியை அழைத்து நடக்கும் சடங்கு இந்தப் பகுதியினுடையது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சரிவு இறங்கியதும் கறுப்புக் கற்களால் ஆன குட்டைச் சுவர்கள் கட்டம் கட்டமாகக் கிடக்கும். கூரை இல்லை, கதவு இல்லை. சந்துகள் மட்டும் தெளிவாகத் தெரியும். கோனுல்-தோங் என்ற மீனவ ஊர் இருந்த இடம். 1949 ஜனவரித் தொடக்கத்தில் அரசுப் படையினர் ஊருக்குள் நுழைந்து ஆண்களைச் சுட்டார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். ஊர் பிறகு எழவே இல்லை. வீடே இல்லாமல் வாசலுக்குப் போகும் சந்து மட்டும் மிஞ்சிய இடம்.

1948 ஏப்ரல் 3 அன்று தொடங்கிய கிளர்ச்சியும் அதை அடக்குவதாகச் சொல்லிப் பல ஆண்டுகள் தொடர்ந்த படுகொலைகளும் இருபத்தைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின என்பது மதிப்பீடு. தீவின் மக்கள்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அடுத்த பாதையான 19இல் புக்சோன் என்ற ஊர் வரும். 1949 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஊர். ஆண்கள் அற்ற ஊர் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கணவனை இழந்த பெண்கள் கடலில் மூழ்கிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். நடந்ததை வெளியே சொன்னால் பிள்ளைக்கு வேலை கிடைக்காது, காவல் நிலையம் கூப்பிடும். ஹியோன் கி-யோங் 1978இல் எழுதிய 'சுனி சம்ச்சோன்' என்ற கதைதான் அந்த மௌனத்தை முதலில் உடைத்தது. எழுதியவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், புத்தகத்தைத் தடைசெய்தார்கள். சம்ச்சோன் என்றால் பொதுக் கொரிய மொழியில் சித்தப்பா, மாமா. ஜெஜுவிலோ மூத்தவர் யாராயினும், ஆணோ பெண்ணோ, சம்ச்சோன்தான். கதையின் சுனி சம்ச்சோன் ஒரு பெண். படுகொலையில் பிழைத்து, முப்பது ஆண்டுகள் கழித்து அதே வயலில் உயிரை விடுகிறவர். அரசின் சார்பில் ஒரு குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்க 2003 வரை ஆயிற்று.

நேரம் குறைவாக உள்ளவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேரே 21ஆம் பாதைக்குப் போகலாம். சுமார் 11 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். இறுதியில் ஜிமிபோங் என்ற குன்று ஒன்றைத் தவிர முழுவதும் சமதளம். 2012 நவம்பரில் இது திறந்தபோதுதான் தீவைச் சுற்றிய வளையம் முழுமையடைந்தது. தொடங்கும் இடம் ஹேன்யோ அருங்காட்சியகம். உள்ளே பெண்களின் கருவிகள் இருக்கின்றன: மிதப்பதற்கான தேவாக் என்னும் காய்ந்த சுரைக்குடுக்கை, அதன் கீழே தொங்கும் வலைப்பை, அபலோனை நெம்பும் இரும்புத் தகடு. ரப்பர் உடை வருவதற்கு முன், 1970கள் வரைக்கும், பருத்தித் துணி உடையோடுதான் பனிக்காலத்திலும் இறங்கினார்கள். மூச்சுக் கருவி எதுவும் கிடையாது, இன்றும் கிடையாது. ஒரு நிமிடத்துக்கும் மேல் மூச்சடக்கி, மேலே வந்ததும் சீழ்க்கை போன்ற ஒலியோடு விடுவார்கள். அதற்கென்றே 'சும்பிசோரி' என்று ஒரு சொல் இருக்கிறது.

அருங்காட்சியகம் நிற்கும் மேடு வெறும் இடமல்ல. 1932 ஜனவரியில் பெண்கள் கூடிய இடம். ஜப்பானிய ஆட்சிக்காலம் அது. மூழ்கும் பெண்களுக்கென 1920இல் ஒரு சங்கம் அமைந்தது. அதன் தலைமையோ தீவை ஆண்ட ஜப்பானிய அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. பாசிக்கும் அபலோனுக்கும் வணிகர்கள் வைத்ததே விலை, சங்கமும் அவர்களுக்கே துணை. ஹாடோ ஊரின் இளம் பெண்கள் சிலர் பகலில் மூழ்கிவிட்டு இரவுப் பள்ளியில் படித்தவர்கள். எழுத்தும் கணக்கும் கைவந்ததும் தராசில் நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. பு சுன்-ஹ்வா, கிம் ஓக்-ரியோன், பு தோக்-ரியாங் ஆகியோர் முன்னின்றார்கள்.

ஜனவரி 7, செஹ்வா சந்தை நாள். ஹாடோவிலிருந்து சுமார் 300 பெண்கள் மூழ்கும் உடையிலேயே, களைக்கொட்டும் அபலோன் தகடும் கையில் பிடித்து, சந்தைக்கு நடந்தார்கள். உள்ளூர் அதிகாரி வாக்குறுதி கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்த சந்தை நாளான 12ஆம் தேதி ஜோங்தல், சிஹுங், ஓஜோ, ஊதோ எனச் சுற்றுவட்டாரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சுற்றுப்பயணம் வந்த தீவு ஆட்சியாளரின் காரை மறித்துச் சூழ்ந்து, கோரிக்கைகளைச் சொன்னார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு கைதுகள் தொடங்கின. தலைவிகள் பல மாதம் சிறையில் கிடந்தார்கள், வதைபட்டார்கள். பல கூட்டங்களாக நடந்த இந்தப் போராட்டத்தில் மொத்தம் 17,000 பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. கொரிய விடுதலைப் போராட்ட வீரர்கள் என்று அரசு இந்த மூவரையும் ஏற்றது 2000களில்தான். எழுபது ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

அந்தப் பெண்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில், செஹ்வாவிலிருந்து ஹாடோவை நோக்கி, 21ஆம் பாதை போகிறது. பூண்டும் கேரட்டும் விளையும் வயல்களுக்கு நடுவே கற்சுவர் வரிசைகள். அப்புறம் ப்யோல்பாங்ஜின், ஜப்பானியக் கடற்கொள்ளையரைத் தடுக்க 1510இல் எழுப்பிய கறுங்கல் கோட்டை. மதில்மேல் ஏறி நின்று கடலைப் பார்க்கலாம். அதற்குமேல் அங்கே நிற்க ஒன்றுமில்லை. கரையில் இறங்கினால் 'புல்தோக்' கண்ணில் படும்: இடுப்பளவு கற்களை வட்டமாக அடுக்கிய, கூரையில்லாத காற்றுத் தடுப்பு. நடுவில் தீ. கோட்டையைவிட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். உடை மாற்றியது, குளிர் காய்ந்தது, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தது, அடுத்த நாள் கடலுக்கு இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது எல்லாம் இங்கேதான். திறமைப்படி மூன்று படிநிலைகள். மேல்நிலையினர் புகை வராத பக்கம் உட்காருவார்கள். 1932இன் திட்டங்களும் இப்படிப்பட்ட நெருப்புகளைச் சுற்றித்தான் பேசப்பட்டிருக்க வேண்டும்.

கல், காற்று, பெண் ஆகிய மூன்றும் மிகுந்த தீவு என்று ஜெஜுவை வழமையாகச் சொல்வார்கள். சுற்றுலாத் துறைக்குப் பிடித்த வாக்கியம். பெண் மிகுந்தது எப்படி? ஆண்கள் கடலில் இறந்தார்கள், திறைக்குப் பயந்து ஓடினார்கள், பிறகு கொல்லப்பட்டார்கள். சம்பாதித்ததால் ஜெஜுப் பெண் அதிகாரம் பெற்றவள் என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பொது வழிபாடு ஆண்கள் நடத்தும் கன்பூசிய முறை. மூதாதையர் சடங்கும் மகன்வழி. கிழக்குக் கரையின் ஓன்ப்யோங் ஊரில் 1950இல் தொடக்கப்பள்ளி எரிந்துபோனபோது, கடலின் ஒரு பகுதியைப் 'பள்ளிக்கடல்' என்று ஒதுக்கி அங்கே எடுத்த பாசியின் வருமானத்தைப் பல ஆண்டுகள் கட்டடத்துக்குக் கொடுத்தவர்கள் ஹேன்யோக்கள். தங்கள் மகள்கள் கடலுக்கு வரக் கூடாது என்பதற்காகவே கடலுக்குப் போனவர்கள் அவர்களில் ஏராளம். 1960களில் இருபதாயிரத்துக்கும் மேலிருந்த எண்ணிக்கை இன்று மூவாயிரத்துக்கும் கீழே. பெரும்பாலானோர் அறுபது தாண்டியவர்கள். 2016இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது அழிவு பாதிக்குமேல் முடிந்திருந்தது. மகள்கள் படித்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். அதை நம்மால் இழப்பு என்று மட்டும் எழுத முடியுமா?

21ஆம் பாதை ஜோங்தல் கரையில் முடிகிறது. அங்கிருந்து எட்டும் தொலைவில் சோ மியோங்-சூக் திறந்த முதல் பாதை கடக்கிறது. சிஹுங் ஊரில் தொடங்கி, ஜோங்தல் வழியாக, சோங்சான் எரிமலைக் கோட்டை கண்முன் நிற்க, 15 கிலோமீட்டர். 2012 ஜூலையில் இந்தப் பாதையில் தனியாக நடந்த நாற்பது வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்ற ஆண் பிடிபட்டான். பாதையைச் சில காலம் மூடினார்கள். தனியாக நடக்க வேண்டாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள் என்று பெண்களுக்கு அறிவுரைகள் குவிந்தன. ஆபத்தில் அழுத்தினால் காவல்துறைக்குச் செய்தி போகும் கருவியை இரவல் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அறிவுரை முழுவதும் நடக்கிறவளுக்கே, நடக்க விடாதவனுக்கு ஒன்றும் இல்லை. சிஹுங், ஜோங்தல் பெண்கள் 1932இல் கையில் இரும்போடு கிளம்பிய அதே ஊர்கள் இவை. பாதை மீண்டும் திறந்தது. பெண்கள் நடக்கிறார்கள், தனியாகவும். காலை நேரத்தில் போனால் முதுகில் வலைப்பையோடு எதிரே வரும் கிழவிகளையும் பார்க்கலாம். சிலருக்கு இடுப்பு நிமிராது, மோட்டார் வண்டியில் வருவார்கள். அவர்களைப் படமெடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். பலருக்குப் பிடிக்காது. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.