மெழுகும் சாயமும் தீட்டிய சிற்றூர்: சுவா தியன் தெங்கின் பாத்திக் ஓவியங்கள்

முன்னுரை

மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்னும் எளிய உண்மையே பாத்திக் கலையின் அடிப்படையாகும். சாவகத்தில் ஆடைக்கலையாக உயர்நிலை எய்திய இம்முறையைச் சட்டமிட்ட ஓவியமாக மாற்றிய முன்னோடியாகப் பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங் (மறைவு 2008) கருதப்படுகிறார். அவர் தீட்டிய சிற்றூரை வாழ்க்கையின் பதிவாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைத்தொழிலிலிருந்து கவின்கலைக்கு

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் பிறந்து பினாங்கில் குடியேறிய தெங், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பாத்திக் துணித்தொழிலில் ஈடுபட்டார். அது நலிந்தபின், அத்தொழிலின் சாயமும் மெழுகுமே அவருக்கு ஓவியப் பொருள்களாயின. 1955இல் பினாங்கில் அவரது முதல் தனிக்கண்காட்சி நடைபெற்றது.

பாத்திக்கில் வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறம் நோக்கிச் சாயமேற்றுவர். ஒவ்வொரு முறையும், காக்க வேண்டிய நிறப்பகுதியை மெழுகால் மூடுவர். எண்ணெய் ஓவியத்தைப் போலப் பிழையை மேற்பூச்சால் மறைக்க இயலாது. அகன்ற வண்ணப் பரப்புகளும் அழுத்தமான எல்லைக்கோடுகளும் மெழுகு விரிசல்களில் சாயம் கசிந்த நுண்கோடுகளும் இம்முறையின் இயல்பான விளைவுகள். ஒளிநிழல் நுணுக்கத்திற்கு இதில் இடம் குறைவு. எனவே, உருவங்கள் தனிமனிதச் சாயல் குறைந்து பொதுமாதிரிகளாக அமைகின்றன.

காட்சியும் மௌனமும்

குழந்தையை ஏந்திய தாய், மீனவர், பழங்களுடன் கூடிய பெண்கள் என, கம்போங் எனப்படும் மலாய்ச் சிற்றூரின் அமைதியே தெங்கின் முதன்மைப் பாடுபொருள். அவரது ஓவியம் ஒன்று 1968இல் யுனிசெஃப் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆனால், அவர் இப்பாணியை உருவாக்கிய காலம் மலாயாவின் நெருக்கடிநிலைக் காலம் (1948–1960) ஆகும். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, பெரும்பாலும் சீனர்களான ஏறத்தாழ 5 இலட்சம் ஊரகமக்கள் முள்வேலியிட்ட ‘புதுக்கிராமங்களில்’ குடியமர்த்தப்பட்டனர். தமிழர் மிகுந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் ஒருங்கிணைக்கப்பட்டன. தெங்கின் புகழ்பெற்ற சிற்றூர்க் காட்சிகளில் அவ்வேலிக்கு இடமில்லை.

இம்மௌனத்தை வெறும் தப்பித்தலாகக் கொள்வது பொருந்தாது. மலாயா விடுதலை பெற்ற 1957ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீனக் குடியேறி ஒருவர் சாவக மரபில் வேர்கொண்ட முறையால் மலாய் ஊரைத் தீட்டியமை, புதிய நாட்டில் தமக்கும் பங்குண்டு என்னும் உரிமைக்குரலாகவும் வாசிக்கத்தக்கது. எனினும், அவ்வுரிமை சீனர் அடைபட்ட ஊரின் வழியாக அன்றி, மலாயரின் அமைதியான ஊரின் வழியாகவே கோரப்பட்டது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

ஆகவே, இவ்வோவியங்களை 1950களின் ஊரக வாழ்க்கைக்கு நேர்ச்சான்றாகக் கொள்வதற்கில்லை. பொதுமாதிரிகளை நாடும் செய்முறையும், பொதுவான மண்ணைத் தேடிய காலத்தின் வேட்கையும் இணைந்து உருவாக்கிய சிற்றூர் இது. அவை காட்டியவற்றோடு காட்டாது விட்டவற்றையும் சேர்த்து வாசிக்கும்போதே அவற்றின் வரலாற்று மதிப்பு முழுமையாகப் புலப்படும்.