வட்டக்களரியிலிருந்து வளாக மேடைக்கு



வளாகக் கலைவிழா என்றால் இன்று நமக்கு ஞாபகம் வருவது பொன்னாடையும் செல்ஃபியும்தான். ஆனால் ஒரு காலத்தில் அந்த மேடைகள், ஒரு சமூகம் தன் கலையைப் பார்த்த பார்வையையே மாற்றின.

1956இல் பேராதனை விரிவுரையாளர் சரச்சந்திர, சிங்கள நாடகம் மரபைத் தழுவி 'மனமே'யை மேடையேற்றினார். 1960களில் அதே வளாகத்தில் கலாநிதி சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. கிராமத்து அண்ணாவியார் பழக்க, பல்கலைக்கழக மாணவர்கள் ஆடினார்கள். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்'. பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டது ஆய்வுக்குரிய கலையாயிற்று.

எங்கள் ஊர்களிலும் பொல்லடி, களிகம்பு, றபான், வயல்வெளிக் கவிகள் இருக்கின்றன. பொல்லடியை நாம் என்ன செய்கிறோம்? பாடசாலை வாசலில் அதிதிகளை அழைத்துவர ஆடவைக்கிறோம். அதிதி கதிரையில் அமர்ந்ததும் பொல்லோசை நின்றுவிடுகிறது. ஆசிரியர்களாகிய நாமும் அதைத்தான் செய்து வந்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளே, ஊரில் மிஞ்சியிருக்கும் பொல்லடி அண்ணாவிமாரை அடுத்த விழாவுக்கு அழையுங்கள். வாசலுக்கல்ல, மேடைக்கு. அவர்களிடம் பழகுங்கள், பாடல்களைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் மௌத்தான பிறகு இரங்கல் கூட்டம் வைத்துப் பயனில்லை.