ஆண்டாள் பேர்ல ஒரு சென்ட் வந்தா எப்படி மணக்கும்? அயர்லாந்து தேவதை மரம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் கற்பூரம் வரை... புராண வாசனையின் கதை!

வெளிநாட்டு சென்ட் பாட்டில்களில் இப்போது ரோஜா, மல்லிகை என்று மட்டும் எழுதினால் போதவில்லை. பின்னால் ஒரு கதை வேண்டும். அயர்லாந்தின் பழங்கதைகள், தேவதைகள், போர் தெய்வங்களின் பெயர்களில் எல்லாம் வாசனைத் திரவியம் செய்கிறார்கள். கதைக்கும் வாசனைக்கும் என்ன சம்பந்தம்? அதுக்குப் பதில் தேடிப் போனா நம்ம விருதுநகர் மாவட்டத்துல வந்து நிக்குது.

முதல்ல அயர்லாந்தைப் பார்த்துடலாம்.

அந்த நாட்டு கிராமங்களில் வயல் நடுவே தனியாக நிற்கும் ஹாதார்ன் என்ற முள்மரத்தை வெட்ட மாட்டார்கள். தேவதைகள் கூடும் மரம் என்பது நம்பிக்கை. 1999-ல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புதிய நெடுஞ்சாலைக்காக அப்படி ஒரு மரத்தை எடுக்கப் போவதாகத் தெரிந்ததும், எட்டி லெனிஹன் என்ற நாட்டுப்புறக் கதைசொல்லி எதிர்ப்புக் குரல் எழுப்பினார். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள். நம்ம ஊர்ல முனி இருக்கிற மரம்னு சொன்னா ஜேசிபி டிரைவர் இறங்கிடுவாரே, அதே கதைதான்.

இதில் வாசனை எங்கே வருகிறது? ஹாதார்ன் பூவை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது, வந்தால் சாவு விழும் என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தப் பூவில் டிரைமெத்தில்அமீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அழுகும் உடலிலும் மீனிலும் வருகிற அதே நெடி. நம்பிக்கைக்குப் பின்னால் மூக்கு இருந்திருக்கிறது! ஆனால் சென்ட் செய்பவர்கள் அந்த நெடியை ஒதுக்கிவிட்டு, அனிசால்டிஹைடு என்ற பொருளை வைத்து இனிப்பான பூ மணத்தை மட்டும் உருவாக்குகிறார்கள். அதாவது, பாட்டிலில் இருப்பது கதைக்காகத் திருத்தப்பட்ட பூ.

இந்தியாவை வைத்தும் இந்த வியாபாரம் பழசு. ஷாஜகான், மும்தாஜ் காதலையும் ஷாலிமார் தோட்டத்தையும் சொல்லித்தான் பிரான்ஸின் கெர்லான் நிறுவனம் 1925-ல் 'ஷாலிமார்' சென்ட்டை விற்றது. பாரிஸில் இருக்கும் நீலா வெர்மேர் என்ற இந்திய வம்சாவளிப் பெண், வேத காலத்தை மனதில் வைத்து 'த்ரயீ' என்று ஒரு சென்ட் கொண்டு வந்தார்.

சரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். மேலே சொன்னதில் எல்லாம் வாசனையைக் கற்பனை செய்தது சென்ட் கம்பெனி. இங்கே வாசனையைக் கேட்டதே கதையின் நாயகி.

ஆண்டாள் பாடியது மொத்தம் 173 பாசுரங்கள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. அந்த நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழி முழுக்க ஒரு சங்கோடு பேச்சு. கண்ணன் வாயில் வைத்து ஊதுவது சங்கு. அப்படியென்றால் அந்த வாயின் மணமும் ருசியும் அதற்குத்தானே தெரியும்? கற்பூர வாசமா, தாமரை வாசமா என்று சங்கிடமே விசாரிக்கிறாள் ஆண்டாள். பொறாமையும் ஆசையும் கலந்த கேள்வி. ஒரு சென்ட் தயாரிப்பாளருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்குமா என்ன?

ஆனா ஒரு சந்தேகம் வரும். வாய் மணத்துக்குச் சூட வாசமா? இங்கதான் பலரும் குழம்புறாங்க.

பூஜையில் கொளுத்தும் சூடம் வேறு, பச்சைக் கற்பூரம் வேறு. இன்று கடையில் கிடைக்கும் சூடம் பெரும்பாலும் பைன் மர டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராவது. அந்தக் காலத்தில் பெரும் மதிப்போடு இருந்த கற்பூரம் சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு மரத்தின் தண்டுக்குள், பிளவுகளில் படிகமாகக் கிடைப்பது. போர்னியோல் என்பது அதன் வேதிப்பெயர். குளிர்ச்சியான, லேசாக மண்ணும் மிளகும் சேர்ந்த மணம். தாம்பூலத்தில் போட்டு மென்றது இதைத்தான். ஆக ஆண்டாள் கேட்டது ஆரத்தித் தட்டு வாசனையை அல்ல, வெற்றிலை போட்ட வாயின் மணத்தை என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாருஸ் என்ற ஊர்தான் அந்தக் கற்பூரத்தின் பேர் பெற்ற துறைமுகம். அங்கே 1088-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது; வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஆண்டாள் காலம் இதற்கு முன்பு, எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. கடல் தாண்டி வந்த ஒரு சரக்கு வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கவிதைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து தாமரை. இந்தப் பூ தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் என்பது தெரியுமா? வெளியே 10 டிகிரி குளிர் இருந்தாலும் பூத்திருக்கும் தாமரையின் உள்பகுதி 30 முதல் 35 டிகிரி வரை வெப்பத்தைத் தக்கவைக்கிறது. 1996-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. சூட்டில் மணம் பரவும், வண்டுகள் வரும். ஒரு விதத்தில் உயிருள்ள சாம்பிராணிச் சட்டி! தாமரை மணத்தை நேரடியாகப் பிரித்தெடுப்பது செலவு அதிகம். அதனால் 'லோட்டஸ்' என்று எழுதியிருக்கும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது கலவைதான்.

மூன்றாவதாகத் துளசியை விட முடியாது. பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்ததே துளசிச் செடியின் கீழ்தான் என்கிறது வரலாறு. அவள் சூடிக் கொடுத்த மாலை என்ற மரபில்தான் புரட்டாசி பிரம்மோற்சவ கருட சேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும் இங்கிருந்து மாலை போகிறது. துளசியின் மணத்துக்கு முக்கியக் காரணம் யூஜினால், அதாவது கிராம்பில் இருக்கும் அதே பொருள். கூடவே இருக்கும் மெத்தில் யூஜினாலுக்கு சர்வதேச வாசனைத் துறை அமைப்பு கடும் அளவுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 'இயற்கை' என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பூசலாம் என்று அர்த்தமில்லை.

இந்த இடத்துல வீட்டுல குழந்தை இருக்கிறவங்க கொஞ்சம் நிதானமா படிங்க. பச்சைக் கற்பூரம் தீர்ந்துபோச்சுன்னு சூடத்தைப் பொடிச்சுப் பாயசத்துலயோ தீர்த்தத்துலயோ போடவே கூடாது. சிறு குழந்தை சூடத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். கல்கண்டு மாதிரி வெள்ளையா இருக்கிறதால கையில எடுத்து வாயில போடுறது ரொம்ப சுலபம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயற்சிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். உண்ணும் கற்பூரம் என்றாலும் சிட்டிகையில் சிறு பங்குதான் அளவு.

கோயிலுக்கென்றே ஒரு வாசனை இருக்கிறது. மார்கழி எண்ணெய்க்காப்பு உற்சவத்தில் ஆண்டாளுக்குச் சாத்தும் தைலம் அது. 61 வகை மூலிகைப் பொருட்கள் சேரும் என்பது கோயில் வழக்கு. அவள் கையில் தினமும் புதிதாக வைக்கும் கிளிக்கு இலையே உடல், மாதுளம்பூவே மூக்கு. உண்மையைச் சொன்னால், எந்த பாரிஸ் பாட்டிலையும்விட இந்தத் தைலமே ஆண்டாள் வாசனை என்ற பெயருக்குத் தகுதியானது.

அப்படின்னா யாராவது நாளைக்கு 'ஆண்டாள்'னு சென்ட் விட்டா?

பெயரைத் தொடும்போது கவனம் தேவை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரையில் காட்டிய ஒரு மேற்கோள் மாநிலம் முழுக்க சர்ச்சையானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் வரை போனது. இரண்டு ஊருக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய பெயர்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாது என்கிறது 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9-வது பிரிவு. 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் ஒரு வாசனை வழக்குதான்: ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயர். புனித நூலின் பெயரைத் தனி ஒருவர் தன் வணிகக் குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நூல் பெயரைப் பற்றியது. தெய்வங்களின் பெயரில் ஏற்கெனவே ஏராளமான பொருட்கள் விற்பனையில் உள்ளன. ஆக 'திருப்பாவை' என்று பெயர் வைத்து அதைத் தனக்கு மட்டும் பதிவு செய்யக் கேட்பவருக்கு இந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்கும். பெயர் எதுவானாலும், சென்ட் தயாரித்து விற்க 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் வாங்கியாக வேண்டும்.