தலப்படத்தில் நீர்: எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து

சென்னையின் விரிவாக்கத்தைத் தலப்படங்களின்வழி ஆராய்வோர் பெரும்பாலும் தெற்கு நோக்கியே பார்வையைச் செலுத்துவர். 1802இல் லாம்டன் தம் அடிக்கோட்டை அளந்த பரங்கிமலைச் சுற்றுப்புறம், பல்லாவரம், திருசூலம் ஆகிய இடங்களில் குடியிருப்புகள் குன்றுகளை நெருங்கியதைச் சமஉயரக் கோடுகளே காட்டிவிடும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் அக்கோடுகள் பயன்படா. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாள்களில் கோட்டிடைவெளி பொதுவாக 20 மீட்டர். இப்பகுதியோ கடல்மட்டத்திற்குச் சில மீட்டரே மேலானது.

ஆகவே, இங்கு மாற்றத்தை உரைப்பன நீல நிறமும் உப்பளக் குறியுமே. கொசஸ்தலை ஆற்றின் அலையேற்றப் பரப்பு ஒரு மீட்டர் மண்ணாலோ சாம்பலாலோ மேடாக்கப்பட்டால் நீர் போக்கிடமின்றித் திசைமாறும். கோடுகளில் ஒன்றும் பதியாது. உப்பளக் குறியிலும் ஒரு குறையுண்டு: கடல்நீர் ஏறியிறங்கும் தொடர்பை அது காட்டுவதில்லை. கைவிடப்பட்ட பாத்திகளை வெறுநிலமெனக் கொள்வதற்கு அது இடந்தருகிறது.

இது ஏட்டளவில் நின்ற சிக்கலன்று. 1996இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டப் படத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகப் பரப்பு பாதுகாக்கப்பட்ட முதல் வகையில் இடம்பெற்றிருந்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த மற்றொரு படத்தில் அது இல்லையென மீனவர்களும் சூழலியலாளர்களும் முறையிட்டனர். வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் இக்கழிமுகத்தை அடுத்து எழுந்தவை என்பதையும் இங்குக் கருதவேண்டும்.

66 சி/7, 66 சி/8 ஆகிய தாள்களின் அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிடுகையில் பதிப்பாண்டு மட்டும் போதாது; அளவையெடுத்த பருவமும் தேவை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அளந்த தாளும் கோடையில் அளந்த தாளும் ஒரே கழிமுகத்தை வேறுவேறு அகலத்தில் காட்டக்கூடும்.