கைத்தறியா, விசைத்தறியா? சேலை வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது விசைத்தறிதான். உள்ளூர் காட்டன் சேலை வாங்கினால் அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுத்தும். ஆனால் விசைத்தறிச் சேலையை எந்த ஊரில் 'கைத்தறி'ன்னு சொல்லி வித்தாலும் கைத்தறி நெசவாளரின் பிழைப்பு போகும், வாங்குறவரும் ஏமாறுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?
1985-ம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட வகை சேலை, வேட்டி, லுங்கி உள்ளிட்ட 11 ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?
* 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை இருக்கிறதா பாருங்க.
* காட்டனா என்று சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை உருவி, கவனமாக எரித்துப் பாருங்க. பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டி உருண்டையாகும்.

நாம் என்ன செய்யலாம்?
* விசைத்தறி காட்டன் வாங்குவது தப்பில்லை. அதை விசைத்தறின்னு சொல்லியே விற்கணும். 'கைத்தறி' என்றால் பில்லில் எழுதிக் கேளுங்க.
* கைத்தறிதான் வேணும்னா, 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பாருங்க.
* ஏமாந்துட்டீங்களா? பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.
* கிழிந்ததைத் தூக்கிப் போடாமல் தெருமுனை டெய்லரிடம் கொடுங்க. பழைய காட்டன் சேலை, துணிப்பையாகவும் மாறும்.