சந்தையின் அடிமட்டம் எங்கே? – பழைய சார்ட்டுகள் சொல்லும் சரித்திரம்

உத்திரமேரூர் ஏரி வற்றினால் தரை கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே தண்ணீர் இறங்க வழியில்லை. பங்குச்சந்தை அப்படியா? இறங்கிக்கொண்டிருக்கும் சந்தைக்குத் தரை எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பழைய சார்ட்டுகளைப் புரட்டுகிறார்கள்.

அவர்கள் அதிகம் தேடும் வடிவம் இரட்டை அடி. சந்தை ஓரிடம் வரை விழுகிறது, கொஞ்சம் எழுகிறது, மறுபடி ஏறக்குறைய அதே இடத்துக்கு விழுந்து எழுகிறது. நடுவில் எழுந்த உயரத்தை அது தாண்டிவிட்டால் 'அடி உறுதி' என்பது கணக்கு.

இந்த வடிவம் சென்செக்ஸ் சரித்திரத்தில் உண்மையாகவே இருக்கிறது. 2001 செப்டம்பர் 21 அன்று சென்செக்ஸ் 2,600 புள்ளிகளில் முடிந்தது. பிறகு எழுந்து, 2003 ஏப்ரலில் மீண்டும் 2,924 வரை வந்தது. அங்கிருந்து கிளம்பியதுதான் பெரிய ஏற்றம். அந்த ஆண்டு இறுதியிலேயே 5,800ஐத் தாண்டிவிட்டது! ஆனால் இரண்டு அடிகளுக்கும் நடுவே ஓடிய காலம் ஒன்றரை ஆண்டுக்கும் மேல். அவ்வளவு நாள் பொறுமையாக இருந்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்து 2008. ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே மாதம் சரிந்து, ஒரு கட்டத்தில் 15,300 அருகே போய் எழுந்தது. 'இதுதான் அடி' என்று வாங்கியவர்களுக்கு மார்ச்சில் அது 15,000க்கும் கீழே போனது. ஜூலையில் 12,500 அருகே போய் எழுந்தபோது மறுபடியும் நம்பிக்கை. அக்டோபர் 27 அன்று வர்த்தகத்தின் நடுவே 7,697! அதற்குப் பிறகு 10,000ஐத் தாண்டி எழுந்து, 2009 மார்ச் 9 அன்று 8,160ல் முடிந்தது. இன்று சார்ட்டைப் பார்த்தால் அழகான இரட்டை அடி. ஆனால் அது உறுதியானது ஏப்ரலில்தான். அதற்குள் சந்தை கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. மே 18 அன்று, தேர்தல் முடிவுக்குப் பின், ஒரே நாளில் 2,110 புள்ளிகள் ஏறியது.

சரி, இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் 2020ல் என்ன ஆனார்கள்? கொரோனா பயத்தில் மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981ல் முடிந்தது. இரண்டாவது அடிக்காகக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். அது வரவேயில்லை. ஆண்டு இறுதியில் சென்செக்ஸ் 47,000ஐத் தாண்டியிருந்தது.

இதைவிடக் கொடுமை அமெரிக்காவில் நடந்தது. 1929 சரிவில் டவ் ஜோன்ஸ் 381லிருந்து நவம்பரில் 198க்கு வந்தது. 1930 ஏப்ரலில் 294 வரை எழுந்தது. பிழைத்தோம் என்று நினைத்தவர்கள் 1932 ஜூலையில் பார்த்தது 41. பழைய உச்சத்தைத் தாண்ட 1954 வரை ஆனது!

அப்படியானால் சார்ட் பொய்யா? இல்லை. நடந்ததை அது சரியாகவே சொல்கிறது. பயம் எப்படி உச்சத்துக்குப் போய் அடங்குகிறது என்பதை அதில் பார்க்கலாம். ஆனால் புத்தகத்தில் அச்சாவது பலித்த அடிகள்தான். 2008 ஜனவரி, மார்ச், ஜூலையில் பலிக்காமல் போன 'அடி'களை யாரும் எண்ணி வைப்பதில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கரைவது அந்த எண்ணப்படாத அடிகளில்தான்.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 921. குடவோலை முறையில் ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்கு யார் தகுதியானவர் என்று அது பட்டியலிடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய உறவினருக்கும்கூட இல்லை!

'சந்தை அடியைத் தொட்டுவிட்டது' என்று சொல்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். இதற்கு முன் சொன்ன அடிகளின் கணக்கு எங்கே?