காது மிஷினுக்கு யார் பணம் கொடுப்பது?

காது கேட்க உதவும் கருவியின் வரலாற்றை, ஒரு பொருள் படிப்படியாகச் சிறுத்துவந்த கதையாகச் சொல்வதே வழக்கம். முதலில் உலோகக் கொம்பு, பிறகு மேசைமேல் வைக்கும் பெட்டி, பிறகு சட்டைப் பையில் அடங்குவது, கடைசியில் காதுத் துளைக்குள்ளேயே மறைந்துவிடுவது. இந்த வரிசையில் பிழை இல்லை. ஆனால் காது மந்தமான சாதாரண மனிதருக்கு எப்போது உதவி கிடைத்தது என்று கேட்டால் இந்த வரிசையில் பதில் இல்லை. பிரிட்டனின் அனுபவத்தை எடுத்துப் பார்த்தால், பெரிய திருப்பம் கருவி சிறியதான ஆண்டில் வரவில்லை. 1948-இல், அன்றைய கடைச் சரக்கைவிட எவ்விதத்திலும் அழகில்லாத ஒரு பெட்டியை, அதற்கான செலவு எல்லோருடையதும் என்று ஏற்று ஒரு நாடு கொடுக்கத் தொடங்கியபோது வந்தது.

அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் இந்த வியாபாரம் எதைச் சார்ந்து நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லண்டனில் 1800 வாக்கில் எஃப். சி. ரைன் தொடங்கிய நிறுவனம் செவிக்கொம்புகளைச் செய்து விற்றது. போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜோவானுக்காக 1819-இல் லண்டனில் ஒரு சிம்மாசனம் செய்தார்கள். அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்கள். வந்தவர் மண்டியிட்டு அந்த வாயில் பேச, குரல் குழாய் வழியாக மன்னரின் காதுக்குப் போகும். அரசருக்கு நாற்காலி என்றால் வசதியுள்ள மற்றவர்களுக்கு விசிறி, கைத்தடி, கூந்தலுக்குள் மறையும் தலைப்பட்டை. துக்கம் காக்கும் பெண்களுக்குக் கறுப்புத் துணி சுற்றிய கொம்புகூட உண்டு. ஒலியைப் பெருக்குவதில் இவற்றுள் பல சாதாரணப் பெரிய கொம்பைவிட மோசமானவை. ஏனென்றால் வாய் அகன்ற கொம்புதான் அதிக ஒலியைத் திரட்டும். ஒளித்துவைக்க வாய் சிறுக்க வேண்டும். ஆகவே வாங்கியவர் காசு கொடுத்தது கேட்பதற்கு மட்டுமல்ல, கேட்காததை மறைப்பதற்கும்தான். எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ இதை நேருக்கு நேர் எதிர்த்தார். இளவயதிலேயே செவித்திறனை இழந்த அவர், தம்மைப் போன்றவர்களுக்காக 1834-இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, கொம்பைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள் என்று வாதிட்டார். தாமும் அப்படியே செய்தார். ஆனால் ஒருவரின் துணிச்சலால் சந்தை மாறிவிடாது.

மின்சாரம் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1890-களின் இறுதியில் டெலிபோனின் கார்பன் ஒலிவாங்கியைக் கொண்டு கருவி செய்தார். இருபதுகளில் வால்வுக் கருவிகள் வந்தன. ஒலி கூடியது, விலையும் கூடியது. ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி அதில் போய்விடும். பேட்டரிச் செலவு அதற்குமேல் ஓயாமல் தொடரும். செயற்கைச் செவிப்பறை, அதிசய மருந்து என்று ஏமாற்றிப் பிழைத்தவர்களும் இதே சந்தையில்தான் இருந்தார்கள். காது மங்கிப்போனவர் எதை நம்புவது என்று தெரியாமல், அளந்து சொல்ல ஒரு பொது இடமும் இல்லாமல், விற்பவரிடமே ஆலோசனையும் கேட்கவேண்டிய நிலை. இந்தக் காலத்தின் மிகப் பெரிய அநியாயமாக எனக்குப் படுவது இதுதான்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1944-இல் ஒரு குழுவை அமைத்தது. அது 1947-இல் வெளியிட்ட அறிக்கையின் முக்கியமான முடிவு: ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கருவி வடிவமைக்கத் தேவையில்லை, பெரும்பாலோருக்கு ஒரே வகையான ஒலிப்பெருக்கம் போதும். வியாபாரிகளின் வாதத்துக்கு இது நேர் எதிர். வடிவம் ஒன்றே என்றால் லட்சக்கணக்கில் செய்யலாம், விலையும் இறங்கும். கவுன்சிலின் ஆங்கிலப் பெயரிலிருந்தே ‘மெட்ரெஸ்கோ’ என்று பெயர் வைத்தார்கள். 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை அதை இலவசமாகக் கொடுத்தது. கருவியோடு மருத்துவமனையில் செவிப் பரிசோதனையும், காதில் பொருந்தும் அச்சும், பேட்டரியும், பழுது பார்ப்பும் சேர்ந்து வந்தன. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அதுவரை எத்தனை பேர் ஒன்றும் செய்ய வழியின்றி இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெட்ரெஸ்கோ நல்ல கருவி அல்ல என்பார்கள். உடலில் மாட்டும் பெட்டி, தனி பேட்டரிக் கட்டு, காதுவரை ஏறும் ஒயர், ஆடை உரசினால் இரைச்சல். இதற்குள் அமெரிக்காவில் தனியார் ஓட்டமாக ஓடினார்கள். டிரான்சிஸ்டர் பதித்த முதல் வணிகப் பொருள் 1952 டிசம்பரில் சோனோடோன் நிறுவனம் விற்ற காது மிஷின்தான். டிரான்சிஸ்டர் வானொலிகூட அதற்குப் பின்னர்தான் வந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகம் காது மிஷின்களுக்கு மட்டும் காப்புரிமைத் தொகை கேட்கவில்லை. அரசோ காதுக்குப் பின்னால் மாட்டும் மாதிரியைப் பரவலாகத் தர 1974 வரை எடுத்துக்கொண்டது. இந்தத் தாமதத்தை மறைக்க முடியாது. பலர் அந்தப் பெட்டியை அலமாரியில் போட்டுவைத்ததும் நடந்ததுதான். ஒரே வகை ஒலிப்பெருக்கம் எல்லோருக்கும் போதும் என்ற முடிவையும் பின்னாளைய ஆய்வுகள் திருத்திவிட்டன. ஆனாலும் அந்த முதல் சோனோடோனின் விலை 229.50 டாலர். டிரான்சிஸ்டர் கருவியைச் சிறிதாக்கிப் பேட்டரிச் செலவைக் குறைத்ததே தவிர, அதை வாங்க முடியாதவரின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சந்தை புதுமையைத் தந்தது உண்மை. அந்தப் புதுமையைப் பொதுவாக்கும் வேலை வேறு, அதற்கு வேறொரு ஏற்பாடு வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2000 முதல் 2005 வரை அதே சேவை டிஜிட்டல் கருவிகளுக்கு மாறியபோது இது மறுபடி தெரிந்தது. தனியாரிடம் ஆயிரக்கணக்கான பவுண்டு விலை சொல்லப்பட்ட தொழில்நுட்பம், அரசு மொத்தமாக வாங்கியபோது நூறு பவுண்டுக்கும் கீழே வந்தது.

இன்னொரு மறுப்பு: எல்லாவற்றுக்கும் மிஷின்தான் தீர்வா? சைகை மொழியிலேயே பிறந்து வளர்ந்து, அதிலேயே முழு வாழ்க்கை வாழ்பவர்களுக்கு அல்ல. அவர்களுக்கு வேண்டியது அந்த மொழிக்கான அங்கீகாரமும் மொழிபெயர்ப்பாளரும். நான் பேசுவது ஐம்பதிலோ அறுபதிலோ காது மங்கத் தொடங்கி, வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல விலகிப்போகிறவர்களைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் 17 சதவீதம்தான். கூச்சம் இதில் ஒரு காரணம். ஆனால் விலையும் தூரமும் இருக்கும்போது கூச்சத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

இந்தியாவில் 1981 முதல் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் உண்டு. கான்பூரின் அலிம்கோ நிறுவனத்திலிருந்து கருவிகள் வந்து, மாவட்ட முகாம்களில் கொடுக்கப்படுகின்றன. 1948-இன் பாதி இது. முகாம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, அச்சு காதில் வலித்தாலோ, ‘வீ’ என்ற ஊளை எழுந்தாலோ, பேட்டரி தீர்ந்தாலோ பெரியவர் எங்கே போவார் என்பது மறுபாதி. அதற்குத் தாலுகா மருத்துவமனையிலேயே ஒரு செவித்திறன் வல்லுநர் வேண்டும், வாரத்தில் இன்ன நாள் என்று தெரிந்தபடி, டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில்.